மைனஸ் 40-ல் ஒரு மோர்சிங்!

யாகூட்ஸ்க் நகரத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குனியுங்கள்! அண்ணாந்து பார்க்க எல்லா ஊரிலும் கட்டடம் இருக்கிறது. இந்த ஊரில் கட்டடத்துக்கு அடியில் பார்க்க வேண்டும். ஐந்து மாடி, ஒன்பது மாடி அடுக்குவீடுகள், அலுவலகங்கள் என எல்லாமே கான்கிரீட் கால்களை ஊன்றி நிற்கின்றன. தரைக்கும் முதல் தளத்துக்கும் நடுவே வெற்றிடம். சில இடங்களில் தவழ்ந்து போகலாம், சில இடங்களில் குனிந்தபடி நடந்தே போகலாம். அந்த இடைவெளியில் சைபீரியக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறுகிறது.

ஒரு நகரமே காலைத் தூக்கி நிற்பதற்குக் காரணம் மண். யாகூட்ஸ்க்கின் மண் கோடையிலும் உறைந்தே கிடக்கிறது. மேலே ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் வெயிலில் இளகும். அதற்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழம் வரை கல்லைப் போல இறுகிய உறைமண். அதன் மேல் நேரடியாக வீட்டைக் கட்டி, உள்ளே கணப்பு போட்டால் சூடு கீழே இறங்கும், மண் சேறாகும், வீடு சாயும். நகரத்தில் மிச்சமிருக்கும் பழைய மரவீடுகளைப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு மூலை தாழ்ந்து, சுவர் கோணி, ஜன்னல் தரைமட்டத்துக்கு இறங்கிப்போய் நிற்கும்.

அதனால் பொறியாளர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். உறைமண்ணில் பத்து மீட்டர், அதற்கும் ஆழமாகத் துளை போடுகிறார்கள். தூணை இறக்குகிறார்கள். சுற்றியுள்ள இடைவெளியில் ஈரமணல் குழம்பை ஊற்றுகிறார்கள். பிறகு? காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்! குளிர் அந்தக் குழம்பை உறையவைத்துத் தூணை இறுகக் கவ்விக்கொள்கிறது. கட்டடத்துக்கு அடியில் ஓடும் காற்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண்ணை மறுபடி உறையவைக்கிறது. தண்ணீர்க் குழாய், வெந்நீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எதையும் புதைப்பதில்லை. வெப்பக் காப்பு சுற்றிய குழாய்கள் தெருவோரமாகவே ஓடுகின்றன. சாலை குறுக்கிட்டால் வளைவு போட்டு அதன் மேலேறி இறங்குகின்றன.

ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் வடகிழக்கில், லீனா ஆற்றின் இடது கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 450 கிலோமீட்டர் தெற்கே. சகா குடியரசின் தலைநகரம். அந்தக் குடியரசின் பரப்பு 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இந்தியாவின் அளவு. மக்கள்தொகையோ சுமார் பத்து லட்சம்! அதில் மூன்றரை லட்சம் பேர் இந்த ஒரே நகரத்தில் வசிக்கிறார்கள். ஜனவரியில் மைனஸ் 40 சாதாரணம். ஜூலையில் 30-ஐத் தாண்டி வெயில் அடிப்பதும் சாதாரணம். எதிர்க்கரைக்குப் போகக் கோடையில் படகு. குளிர்காலத்தில் உறைந்த ஆறே நெடுஞ்சாலை, லாரிகள் அதன் மேலே ஓடும். எதிர்க்கரையிலுள்ள ரயில் நிலையத்துக்குப் பயணிகள் ரயில் வந்ததே 2019-ல்தான்.

1632-ல் பியோத்தர் பெக்கெத்தோவ் தலைமையில் வந்த கோசாக்குகள் எதிர்க்கரையில் ஒரு மரக்கோட்டை எழுப்பியதை நகரத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் துய்மாதா என்ற இந்தப் பள்ளத்தாக்கில், யாகூத் என்றும் சொல்லப்படும் சகா மக்கள் அதற்கு முன்பே குதிரையும் மாடும் வளர்த்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுகிறவர்கள். தெற்கே பைக்கால் ஏரிப் பக்கமிருந்து வடக்கே வந்தவர்கள். புல்வெளியின் குதிரைப் பண்பாட்டை இந்தப் பனிக்குள் கொண்டுவந்து, விடாமல் வைத்திருக்கிறார்களே, அதுதான் என்னைச் சொக்கவைக்கிறது. அவர்களுடைய குதிரை மைனஸ் 50-லும் லாயத்துக்குள் போவதில்லை. குளம்பால் பனியைக் கிளறி, அடியிலுள்ள காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு வெட்டவெளியில் நிற்கிறது!

சரி, இப்போது தரைக்குக் கீழே போவோம்.

நகரத்துக்குள் ஒரு சிறிய மரக்கொட்டகை இருக்கிறது. தெரியாதவர்கள் விறகுக்கொட்டகை என்று நினைத்துக் கடந்துபோவார்கள். உள்ளே இருப்பது உலக அறிவியல் வரலாற்றின் மிக அழகான பிடிவாதங்களில் ஒன்று: ஷெர்கின் கிணறு. ஃபியோதர் ஷெர்கின் ரஷ்ய அமெரிக்க நிறுவனத்தின் யாகூட்ஸ்க் அலுவலர். 1820-களின் இறுதியில் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். பத்து மீட்டர் போனார்கள், உறைமண். இருபது மீட்டர், உறைமண். முப்பது மீட்டரிலும் அதேதான். கைவிடலாம் என்று முடிவெடுத்த நேரத்தில், அலாஸ்காவுக்குப் போகும் வழியில் கடற்பயணி ஃபெர்டினண்ட் விராங்கெல் இந்த ஊருக்கு வந்தார். தண்ணீர் கிடைக்காவிட்டால் போகட்டும், பூமி எவ்வளவு ஆழம் உறைந்திருக்கிறது என்று தெரியட்டும், தோண்டுங்கள் என்று தூண்டினார். தோண்டினார்கள்! 1837 வரை கையால், தோண்டியதை வாளியில் மேலே இழுத்து இழுத்து, 116 மீட்டருக்கும் மேல். தண்ணீர் வரவேயில்லை. ஆனால் 1840-களில் அலெக்சாண்டர் மிடென்டார்ஃப் வந்து அந்தக் கிணற்றின் சுவரில் ஆழத்துக்கு ஆழம் வெப்பமானி வைத்து அளந்தபோது, உறைமண் பற்றிய அறிவியலே பிறந்தது. அடியை எட்டாத கிணறு ஒரு துறையையே தொடங்கிவைத்தது!

அந்தத் துறைக்கு இன்று இந்த ஊரில் ஒரு தலைமைப்பீடம் இருக்கிறது: மெல்னிகோவ் உறைமண் ஆய்வு நிறுவனம். வாசலில் பெரிய மாமூத் யானைச் சிலை. ஆனால் நிறுவனத்தின் சொத்து பூமிக்குள், சுமார் 12 மீட்டர் ஆழத்தில் குடைந்த சுரங்க ஆய்வுக்கூடம். கதவு, படிக்கட்டு, இன்னொரு கதவு. இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகிறது. கூரையைப் பாருங்கள்: வெள்ளை வெளேரென்று பனிப்படிகங்கள், இலை வடிவத்தில், இறகு வடிவத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து தொங்குகின்றன. மனிதர்களின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் இங்கே வந்து ஒட்டிப் பூத்த பூ அது. சுவரில் மணல் அடுக்கடுக்காகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் லீனா ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல், நீரோட்டத்தின் கோடுகள் கலையாமல் அப்படியே நிற்கிறது. வெளியே ஜூலை வெயிலானாலும் ஜனவரிப் பனியானாலும் இங்கே எப்போதும் உறைநிலைக்குக் கீழேதான். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். அதனால் பயிர் விதைகளைக்கூட இங்கே பாதுகாத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகளுக்கு முன்பே சகா பாட்டிகளுக்கு இது தெரியும். வீட்டுக்கு வீடு உறைமண்ணில் குழி வெட்டி, அதில் இறைச்சி, மீன், பால், குடிநீருக்காக ஏரியிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டி என்று கோடை முழுவதும் வைத்திருப்பார்கள். புளூஸ் என்பார்கள் அந்தக் குழியை. கிராமங்களில் இன்றும் வேலை செய்கிறது.

இதே உறைமண்தான் மாமூத்துகளையும் பத்திரமாக வைத்திருந்து கையில் கொடுக்கிறது. 1991-ல் தொடங்கிய மாமூத் அருங்காட்சியகம் இங்கே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 2024-ல் வடக்கே படகாய்க்கா பெரும்பள்ளத்தில் கிடைத்த குட்டி யானை ‘யானா’வை இந்தப் பல்கலைக்கழகம்தான் உலகத்துக்குக் காட்டியது. தும்பிக்கையோடு, தோலோடு, தூங்குவது போல ஒரு குட்டி! யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு ஒரு நொடி நின்றுதான் ஓடுகிறது.

பசிக்கிறதா? வாருங்கள், சந்தைக்கு.

யாகூட்ஸ்க்கின் திறந்தவெளிச் சந்தையில் குளிர்காலத்தில் குளிர்பெட்டியே கிடையாது. ஊரே குளிர்பெட்டி! பெட்டிகளில் மீன்கள் வால் கீழே, தலை மேலே என்று செங்குத்தாக நிற்கின்றன. சீர், முக்சுன், நெல்மா, ஓமுல் என எல்லாம் வடக்கு ஆறுகளின் கொழுத்த வெள்ளை மீன்கள். பக்கத்தில் கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்த பால், தட்டுத் தட்டாக அடுக்கி விற்பனைக்கு. விற்கும் பெண்கள் மென்மயிர்த் தொப்பி, தடித்த கோட்டு, கம்பளிக் காலணி என்று கண் மட்டும் தெரிய நாள் முழுக்க நிற்கிறார்கள். இவர்களுக்குச் சிலை வைத்தாலும் தகும் என்பது என் கட்சி.

இந்த மீன் ஏன் இப்படி விறைப்பாக, நேராக நிற்கிறது? அதன் சூட்சுமம் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. பனிக்கு அடியில் வலைவிட்டு இழுத்ததும் மீனைப் பனிமேல் நேராகக் கிடத்துகிறார்கள். அந்தக் குளிரில் மளமளவென்று உறைந்துவிடும். அதனால் சதையின் பதம் கெடுவதில்லை. வளைந்து உறைந்த மீன் ஸ்ட்ரொகனினாவுக்கு உதவாது.

ஸ்ட்ரொகனினா! இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மீனின் தோலை நீளவாக்கில் நாடாக்களாக உரிக்கிறார்கள். மூக்கைப் பலகையில் ஊன்றி, வாலை இடது கையில் பிடித்து, வலது கையில் யாகூத் கத்தியை எடுக்கிறார்கள். அந்தக் கத்தியே ஓர் அதிசயம். ஒரு பக்கம் தட்டை, அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம். மறுபக்கம் லேசாக உப்பியிருக்கும். வலது கைக்காரருக்கு ஒரு கத்தி, இடது கைக்காரருக்கு அதன் கண்ணாடிப் பிம்பம். பிடி பூர்ச்ச மரத்தின் முடிச்சில் கடைந்தது, உறைந்த கையிலும் வழுக்காது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. மெல்லிய சதைச் சுருள் சுருண்டு தட்டில் விழுகிறது. உப்பும் மிளகும் கலந்த பொடியில் தொட்டு, உருகுவதற்குள் வாயில் போட வேண்டும். முதலில் மொறுமொறு, அடுத்த கணம் வெண்ணெய்! அதே மீனைச் சிறு கட்டங்களாக வெட்டி, வெங்காயமும் எண்ணெயும் உப்பும் மிளகும் சேர்த்தால் இண்டிகிர்கா சாலட். நகரத்தின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் இன்னொகென்டி தர்பாகோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பண்டம் அது.

இனிப்புக்குக் குயர்செக். கெட்டிப் பாலேட்டில் காட்டுச் செம்பழங்களைப் போட்டு நுரைக்க நுரைக்கக் கடைகிறார்கள். கடையும் கருவியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கலாம். நுனியில் வட்டத் தலை வைத்த மரக்கோல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டி உருட்டிக் கடைகிறார்கள். நம் வீட்டு மத்தேதான்!

வயிறு நிறைந்தது. அடுத்து, இந்த ஊரின் குரலைக் கேட்கலாம்.

கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒருவர் உதட்டில் சின்ன இரும்பை வைத்து விரலால் மீட்டுவாரே, மோர்சிங், அதன் உறவுக்காரர்தான் கோமுஸ். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் இந்த வாய்க்கருவி வேறு வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் இதை ஒரு மக்களின் அடையாளமாகவே ஆக்கி, அதற்கென்று நாள் ஒதுக்கி, அருங்காட்சியகம் கட்டிக் கொண்டாடுவது இந்த ஊர்தான். உலக மக்களின் கோமுஸ் அருங்காட்சியகம் 1990 நவம்பர் 30-ல் திறந்தது. இன்று அந்தத் தேதிதான் சகா குடியரசின் கோமுஸ் நாள். மொழியியலாளரும் பெரும் கோமுஸ் கலைஞருமான இவான் அலெக்செயெவ், ஊர்க்காரர்கள் வாயில் கோமுஸ் உய்பான், இதற்காகவே உழைத்தவர். சோவியத் காலத்தில் கிராமத்து மூலையில் ஒதுங்கிக் கிடந்த கருவியை மேடைக்கும் பள்ளிக்கும் கொண்டுவந்தவர்களில் முன்னவர்.

கண்ணாடிப் பேழைகளைப் பார்த்து முடித்ததும் நான் போகச் சொல்வது கொல்லனின் பட்டறைக்கு. கோமுஸ் அங்கேதான் பிறக்கிறது. இரும்புக் கம்பியைக் காய்ச்சி, அடித்து, வட்டத் தலையும் இரண்டு நீண்ட கைகளுமாகச் சட்டத்தை வளைக்கிறார். நடுவில் போகும் நாக்கு நல்ல எஃகு. அதன் நுனியை மேல்நோக்கி வளைக்கிறார். விரல் மீட்டுவது அங்கேதான். இப்போது உயிர்நிலையான வேலை: நாக்கு இரண்டு கைகளுக்கும் நடுவே எங்கும் உரசாமல் ஓட வேண்டும், ஆனால் இடைவெளி மயிரிழைதான் இருக்க வேண்டும். கொஞ்சம் அகன்றால் காற்று ஒழுகி ஒலி சப்பென்று ஆகிவிடும். கொஞ்சம் நெருங்கினால் டங்கென்று அடிக்கும். அரத்தை எடுத்து ஓர் இழுப்பு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்வை, பல்லில் வைத்து ஒரு மீட்டு, மறுபடி அரம். இப்படியே நேரம் போகிறது. நம் மோர்சிங் கலைஞர்கள் கருவியின் நாக்கில் மெழுகு ஒட்டிச் சுருதி சேர்ப்பார்கள். இங்கே கொல்லன் கொடுத்த சுருதியே அந்தக் கருவியின் பிறவிக்குரல்.

வைத்துக்கொள்ள ஒரு மரப்பேழை உண்டு. பறவை, விலங்கு, காவல் ஆவி என்று அதைச் செதுக்குகிறார்கள். ஒருவரின் கோமுஸை இன்னொருவருக்கு எளிதில் கொடுப்பதில்லை. அது வாயும் மூச்சும் பழகிய பொருள்.

பிறகு ஒலி! அல்பினா டெக்தியாரியோவாவும் அவருடைய அயர்கான் குழுவும் வாசிப்பதைக் கேளுங்கள். அந்தச் சின்ன இரும்பிலிருந்து குதிரைக் குளம்பு ஓடுகிறது, குயில் கூவுகிறது, பனி உருகிச் சொட்டுகிறது, காற்று சுழல்கிறது. வாய்க்குழியும் நாவும் மூச்சும் செய்யும் வேலை அது. 2011 ஜூனில் கோடைத் திருவிழாவில் 1,344 பேர் ஒரே நேரத்தில் கோமுஸ் வாசித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க ரீங்காரம்!

கோமுஸ் இந்த ஊரின் மூச்சு என்றால், நினைவு ஒலோன்கோ.

ஒலோன்கோ சகா மக்களின் வாய்மொழிக் காப்பியம். ஒரே ஒரு காப்பியம் அல்ல, ஒரு காப்பியக் குடும்பமே. பத்தாயிரம் வரி, பதினைந்தாயிரம் வரி என்று நீளும் கதைகளை, எழுத்துத் துணை இல்லாமல், ஒரே மனிதர் இரவு முழுக்கச் சொல்வார். சில கதைகள் முடியப் பல இரவுகள் ஆகும். வெளியே மைனஸ் 50. உள்ளே கணப்பு எரிகிறது. கால் மேல் கால் போட்டு, கையைக் காதோரம் வைத்துக் கதைசொல்லி கண்ணை மூடுகிறார். கதை நகரும் பகுதியை வேகமாக ஒப்பிக்கிறார், பாத்திரங்கள் பேசும்போது பாடுகிறார். நாயகனுக்கு ஒரு குரல், நாயகிக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல். தொண்டையில் ஒரு வெட்டு வெட்டி எழுப்பும் ஒலியில், இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போல மேலே இன்னொரு ஸ்வரம் கேட்கும். கூட்டம் நடுநடுவே ‘நோ!’ என்று உரக்கச் சொல்லி ஊக்கம் கொடுக்கும். இந்தக் குரலுக்கு மறுப்பு என்று பொருள் இல்லை, மேலே சொல்லு என்று தூண்டுவது.

கதையில் மூன்று உலகம். மேலே ஒளித் தெய்வங்கள், நடுவே மனிதர்கள், கீழே அபாசி என்ற அரக்கர்கள்: ஒற்றைக் கண், ஒற்றைக் கை, ஒற்றைக் கால், இரும்பு உடம்பு! மூன்றையும் இணைத்து நிற்கிறது ஆல் லூக் மாஸ் என்ற பெருமரம். 2005-ல் யுனெஸ்கோ ஒலோன்கோவை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுப் பெரும்படைப்பாக அறிவித்தது.

இதில் என் மனத்தை அறுக்கும் கதை பிளாத்தோன் ஒயுன்ஸ்கியுடையது. 1893-ல் பிறந்தவர், கவிஞர், யாகூத் குடியரசு உருவானபோது அதன் தலைவர்களில் ஒருவர். சிறுவயதிலிருந்து காதால் கேட்ட ஒலோன்கோக்களை உள்ளே வைத்திருந்து, 1930-களில் ‘நியுர்குன் போத்தூர்’ காப்பியத்தை எழுத்தில் இறக்கினார். 36,000 வரிகளுக்கு மேல்! 1938-ல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு யாகூட்ஸ்க் சிறையிலேயே இறந்தார். குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொள்ள 1955 வரை ஆயிற்று. இன்று நகரத்தின் பெரிய நாடக அரங்குக்கு அவர் பெயர்தான். ஒலோன்கோவுக்கென்றே தனி நாடகக்குழுவும் இருக்கிறது. அங்கே அபாசி வேடம் போடுகிறவர் ஒற்றைக்காலில் துள்ளிப் பாடுவதைப் பார்க்கும் குழந்தைகளின் முகத்தைக் கவனியுங்கள். 36,000 வரிகள் பிழைத்துக்கொண்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த அரங்கத்து நடிகர்கள் அடுத்த வாரம் எங்கே இருப்பார்கள் தெரியுமா? படப்பிடிப்பில்! ஆம், இந்தப் பனி ஊருக்குச் சொந்தமாக ஒரு திரையுலகம் இருக்கிறது. செல்லமாக சகாவுட். 1992-ல் அரசின் சகாஃபில்ம் நிறுவனம் வந்தது. இன்று சுயாதீனக் குழுக்களும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் சகா மொழியில் படம் எடுக்கிறார்கள். ஹாலிவுட் படத்தோடு ஒரே திரையரங்கில் மோதி ஓடும் உள்ளூர்ப் படங்கள்! பட்ஜெட் சிறியது. குளிரில் கேமரா பேட்டரி சட்டென்று உயிரை விடும், அதனால் பேட்டரியைக் கோட்டுக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். குளிர்காலத்தில் பகல்வெளிச்சம் சில மணி நேரம்தான்; கோடையிலோ இரவுக்காட்சி எடுக்க இருட்டே கிடைக்காது.

அப்படி எடுத்த படங்கள் சாதித்ததைக் கேளுங்கள். காட்டில் தனியே வாழும் முதிய தம்பதியின் வீட்டுக்கு ஒரு கழுகு வந்து குடியேறும் கதை, எதுவார்த் நோவிகோவ் இயக்கியது, 2018-ல் மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவின் தலையாய பரிசை வென்றது. 2020-ல் ரஷ்யாவின் கினோதாவ்ர் திரைப்பட விழாவின் முதல் பரிசு திமீத்ரி தாவிதோவின் படத்துக்கு: ஊர் ஒதுக்கிவைத்த ஒரு மருத்துவப் பெண்ணின் கதை. நடித்தவர் நாட்டுப்புறப் பாடகி வலென்தினா ரொமானோவா சிஸ்கிராய். தாவிதோவ் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. அம்கா பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்! பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டே சினிமா கற்றுக்கொண்ட மனிதர், ரஷ்யாவின் பெரிய இயக்குநர்களுக்கு நடுவே போய்ப் பரிசோடு திரும்பினார். சினிமாவை உயிராக நினைக்கும் நமக்கு இந்த ஊர் பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை.

கடைசியாக, நகரம் ஆண்டு முழுக்கக் காத்திருக்கும் நாள். ஜூனில், பகல் மிக நீண்டிருக்கும் நாட்களை ஒட்டி இஸியாக் திருவிழா. நகருக்கு அருகே ஊஸ் காத்தின் வெளியில் இரண்டு நாள்.

விழாவை எல்லோரும் படம் எடுப்பார்கள். முன்தயாரிப்புதான் கொள்ளை அழகு! குட்டி ஈன்ற குதிரைகளிடம் பால் கறந்து குமிஸ் புளிக்கவைக்கிறார்கள். தோல்பையில் ஊற்றிக் கடையக் கடைய லேசாகப் பொங்கி, புளிப்பும் மெல்லிய போதையுமாக மாறும் பானம். அதைக் குடிக்கச் சோரொன்: பூர்ச்ச மரத்தில் கடைந்த கோப்பை, உடம்பெல்லாம் வரி வரியாகச் செதுக்கல். மூன்று கால்களும் குதிரைக் குளம்பு வடிவத்தில் முடியும். பெண்கள் பெட்டியிலிருந்து வெள்ளி நகைகளை எடுக்கிறார்கள். நெற்றிப்பட்டம், மார்பிலும் முதுகிலும் அடுக்கடுக்காகத் தொங்கும் வெள்ளித்தகடுகள். நடந்தால் கலீர் கலீர். குதிரைமயிரில் திரித்த சாலமாக் கயிற்றில் வண்ணத்துணி கட்டுகிறார்கள். செர்கே என்ற செதுக்கிய குதிரைக் கம்பங்கள் வெளியெங்கும் நிற்கின்றன.

வெண்ணிற உடையில் வாழ்த்துரைப்பவர் நெருப்புக்கும் மண்ணுக்கும் குமிஸைத் தெளித்துப் பாடி முடித்ததும் ஒசுவொகாய் தொடங்குகிறது. கையோடு கை கோத்து, சூரியன் போகும் திசையில் வட்டம். வட்டத்தில் ஒருவர் அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நடுவே கையை நுழைத்துச் சேர்ந்துகொள்ளலாம், விலக்க மாட்டார்கள். ஒரு வட்டம் நிறைந்தால் வெளியே இன்னொரு வட்டம். இருட்டு என்று ஒன்று வருவதேயில்லை. அதிகாலை மூன்று மணி வாக்கில் எல்லோரும் கிழக்கே திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் உயர்த்திச் சூரியனை வரவேற்கிறார்கள். ஆயிரக்கணக்கான கைகள்!

தூங்கப் போய்விடாதீர்கள், விளையாட்டு பாக்கி இருக்கிறது. மாஸ் மல்யுத்தத்தைத் தவறவிட்டால் யாகூட்ஸ்க் வந்ததற்கே அர்த்தமில்லை. இரண்டு பேர் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து, நடுவிலுள்ள பலகையில் பாதங்களை ஊன்றுகிறார்கள். இருவர் கையிலும் சேர்த்து ஒரே குச்சி, அரை மீட்டர் நீளம். நடுவர் குரல் கொடுத்ததும் இழு! முதுகு, தொடை, விரல் எல்லாம் முறுக்கேறுகின்றன. குச்சியைப் பறித்தாலும் வெற்றி, குச்சியோடு சேர்த்து ஆளைத் தன் பக்கம் இழுத்தாலும் வெற்றி. மூன்றில் இரண்டு சுற்று. முகம் செம்பழமாகச் சிவக்க, விடவே மாட்டேன் என்று பிடித்திருந்த இளைஞர் ஒருவர் பலகைக்கு மேலே எழும்பிப் பறந்து எதிராளியின் மடியில் போய் விழுகிறார். குச்சி இன்னும் கையில்தான் இருக்கிறது. சுற்றி நிற்கும் கூட்டம் விசிலடித்து அடுத்த சுற்றுக்கு இடம் விடுகிறது.